மூக்கிலியின் பன்னிரண்டாம் பாகம்

குளிர் தொடங்கிவிட்டது, கோட்டை எடு என்று அம்மா மூன்று நாளாகச் சொல்லி, இன்றைக்குத்தான் எடுத்தேன். அப்பாவின் பழைய கறுப்பு நீளக் கோட்டு. உள்பைக்குள் கையை விட்டபோது ஒரு துணி தட்டுப்பட்டது. வெளியே இழுக்க முதலே தெரிந்துவிட்டது, கராம்பு மணத்தால். உனது முகமூடி. நீ போய்ப் பத்து மாதமாகிறது. உன் வாய்க்குள் கிடந்த கராம்பு மட்டும் இன்னும் போகமாட்டேன் என்று அந்தத் துணிக்குள் குந்திக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று கட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன். என்னைப் போன்ற ஒருத்திக்குப் பிந்துவதற்குக் காரணமா பஞ்சம்?

போன வருடத்துக்கு முந்தின வருடம், இலையுதிர்கால விடுமுறையில் ஒருநாள், எசன் நகரில் மழை நிற்காத நாள், நீ இரண்டாம் மாடியிலிருந்து எங்கள் மூன்றாம் மாடிக்கு ஓடிவந்தாய். "எடியே, ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்கிறன்." அந்தக் காலத்தில் தியேட்டர்களில் வாரம் ஒரு பாகமாக ஓடிய கறுப்பு வெள்ளைப் படங்கள். பன்னிரண்டு பாகம், சிலது பதினைந்து. எல்லாவற்றிலும் முகமூடி போட்ட ஒருவன் இருப்பான். நகரத்தையே அழிக்கத் திட்டம் போடுவான், ஆனால் அவனது வேலையாட்கள் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடிவாங்கப் பிறந்தவர்கள். ஒவ்வொரு பாகமும் கதாநாயகன் சாகிற இடத்தில் நிற்கும். கார் மலையிலிருந்து பறக்கும், கூரை இடிந்து விழும், மரம் அரிகிற வாள் கழுத்துக்குக் கிட்ட வரும். அடுத்த பாகத்தில் அதே காட்சியைத் திரும்பக் காட்டுவார்கள். ஆனால் போன வாரம் இல்லாத ஒரு ஷொட் நடுவில் புதிதாக இருக்கும். கார் பறக்க முதலே அவன் வெளியே குதித்திருப்பான்.

உனக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"கள்ளர். போன பாகத்தில அவன் குதிக்கேல்லை. நான் வடிவாப் பாத்தனான்."

"அவன் செத்தால் படமும் செத்துப்போமடி," என்றேன் நான். "அதுதான் ஒட்டுப் போடுறாங்கள்."

அதிலிருந்து எங்களுக்கு அது 'ஒட்டு'. கணக்குப் பரீட்சையில் நான் தோற்ற அன்று, "ஒண்டும் யோசியாதை, அடுத்த பாகத்தில ஒட்டுப் போடுவினம்" என்று என் முதுகில் தட்டினாய்.

கதாநாயகனை நீ சட்டைசெய்யவே இல்லை. உன் கண் முழுக்க வில்லனில்தான். கடைசிப் பாகம் வரைக்கும் அவன் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக, முகமூடிக்குள் ஒருவனை நிறுத்திவிட்டு, குரலை இன்னொருவனைக் கொண்டு பேசவைக்கிறார்கள் என்று நீதான் பிடித்தாய். "நிக்கிறவன் ஒருத்தன், கதைக்கிறவன் இன்னொருத்தன். பாத்தியே, உடம்பு ஆற்றையெண்டாலும் இருக்கலாம்." அதைச் சொல்லும்போது உன் கண் மின்னியது. அந்த வாரமே எங்கள் சொந்தத் தொடர் தொடங்கிவிட்டது.

முகமூடியைத் தைத்தது உன் அம்மா. ஊரில் உள்ள சேலைகளுக்கெல்லாம் பிளவுஸ் தைக்கிற அன்ரி, லைனிங் துணியில் ஐந்து நிமிடத்தில் ஒன்றை அடித்துத் தந்தார். கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினார், மூக்குக்கு இடம்விட மறந்துபோனார். போட்டுப் பார்த்தால் முகம் தோசைக்கல்லுப் போலத் தட்டையாக இருந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தோம். சிரிப்பு வரவில்லை. மூக்கில்லாத முகம் இவ்வளவு பயமாக இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்ரிதான் முதலில் வாய் திறந்தார்: "கழட்டு பிள்ளை, எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு." அப்படித்தான் மூக்கிலி பிறந்தான்.

நான் துப்பறிகிறவள், நீ மூக்கிலி. படப்பிடிப்பு எல்லாம் எங்கள் கட்டடத்தின் கெல்லரில். நிலத்துக்குக் கீழே ஆள் நடக்கிற அந்த நீள ஓடை, இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடித்த கூடுகள், கூடுகளுக்குள் ஒவ்வொரு வீட்டுக்காரரின் பழைய சைக்கிளும் சூட்கேசும். எங்களுக்கு யாரும் செட் போட்டுத் தரத் தேவையில்லை. போனை சவர்க்காரத்தூள் பெட்டியில் சாய்த்து வைத்தால் கமெரா. பாகம் முடிய முடிய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் போட்டோம். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் கெல்லருக்குப் போகமாட்டோம் என்று அழுதார்கள். தாய்மார் குரல்செய்தியில் எங்களைத் திட்டினார்கள். அதைவிடப் பெரிய விருது எங்களுக்கு எது?

நான் முகமூடியோடு தமிழ்ப் பள்ளிக்கூட அலுமாரிக்குள் ஒளித்திருந்ததையும் சொல்லவேண்டும். ரீச்சர் கதவைத் திறந்தார், தட்டை முகத்தை ஒரு கணம் பார்த்தார், "வீட்டுப்பாடம் செய்யாத ஆள் நீதானே, வெளியில வா" என்றார். நீ மேசைக்கடியில் விழுந்து சிரித்தாய். உண்மையில் அவர் பயப்படாததற்குக் காரணம் உன் குரல் அங்கே இல்லாததுதான். மூக்கிலியின் பயம் முழுக்க அந்தக் குரலில்தான் இருந்தது. நீ கத்தவே மாட்டாய். "கத்திறவனுக்கு ஆர் பயப்பிடுவினம்? மெல்லக் கதைக்கிறவனுக்குத்தான் பயப்பிடுவினம்" என்பாய்.

எட்டாம் பாகத்தில் உனக்கு வருத்தம் வந்தது. இரத்தத்தில் வருத்தம் என்று பெரியவர்கள் தணிந்த குரலில் சொன்னார்கள். வைத்தியசாலையில் உன் தலையைப் பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல், "முடிசூடா ராணி" என்று வாய் தவறி உளறினேன். அன்ரியின் முகம் கறுத்துவிட்டது. நீ மட்டும் தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "முடி போனால் போகட்டும், முடிவு என்னட்டைத்தான் இருக்கு" என்றாய். மருந்தால் வாயெல்லாம் இரும்பு ருசி என்று கராம்பு சப்பத் தொடங்கியதும் அப்போதுதான். அடிக்கடி முகமூடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாய். தாதி ஒருத்தி உள்ளே வந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

அதன்பிறகு உடம்பு நான், குரல் நீ. துப்பறிகிறவளும் நான்தான் என்பதால் கெல்லர் ஓடையில் என்னை நானே துரத்தி, என் கழுத்தை நானே நெரித்தேன். நீ கட்டிலில் இருந்து குரலைப் பதிந்து அனுப்புவாய். ஒரு வசனம், பிறகு நான் பதில் சொல்ல ஒரு இடைவெளி, பிறகு அடுத்த வசனம். சின்ன ஒலிபெருக்கியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நான் நிற்பேன். நெஞ்சுக்குள்ளிருந்து உன் குரல் வரும். சிலவேளை கை தானாக அசைந்ததுபோல இருக்கும். அதை உனக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் நீ என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருப்பாய்.

முகமூடிக்குள் யார் என்று நானும் எத்தனை தரம் கேட்டேன். "பன்னிரண்டில பாப்பம்." அன்ரி கேட்டபோதும் அதே பதில்தான்: "பாத்துத் தெரிஞ்சுகொள்ளுங்கோ அம்மா."

பதினோராம் பாகத்தில் குரலாலேயே என்னைக் கெல்லர்க் கூட்டுக்குள் பூட்டிவிட்டுப் போனாய். தண்ணீர் ஏறுகிற சத்தத்துக்குத் துணி துவைக்கிற மெஷினைப் பதிந்தோம். தை மாதம் ஒரு காலையில் பன்னிரண்டாம் பாகத்துக்கான குரல் என் போனுக்கு வந்தது. பதினொரு நிமிடம். பள்ளிக்கூடத்தில் இருந்தேன், பிறகு கேட்போம் என்று விட்டேன். மத்தியானம் அம்மா போன் எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைத் திறக்க எனக்கு ஏலவில்லை. வாரக்கணக்காக நான் ஒட்டுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? அந்தக் காலையையே திரும்பக் காட்டுவார்கள், நடுவில் புதிதாக ஒரு ஷொட் இருக்கும் என்று.

அந்தியேட்டி அன்று, நீ போய் முப்பத்தோராம் நாள், சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அன்ரி வந்தார்.

"பிள்ளை, அந்தப் படத்தின்ர முடிவு என்ன?"

"தெரியாது அன்ரி."

"எனக்கும் சொல்லேல்லை. ஆர் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். உன்னட்டைத் தந்திருப்பாள். எடுத்து முடி. எனக்கு அவளிட்டை இருந்து தெரியவேண்டியது அது ஒண்டுதான் மிச்சம்."

அன்ரி அழவில்லை. பதில் வரும் என்று கேட்டுவிட்டு, ஈரக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கெல்லருக்கு இறங்கினேன். ஜெர்மன்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை சத்தம் ஆகாது. கட்டடம் முழுக்கச் செத்த அமைதி. உன் குரலை அதுவரைக்கும் நான் கேட்கவில்லை. முதல் தரம் கேட்பது மூக்கிலியாக நின்றே இருக்கட்டும் என்று நினைத்தேன். போனைப் பெட்டியில் சாய்த்தேன். கோட்டு, முகமூடி. ஒலிபெருக்கியை அழுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை, இரைச்சல் மட்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைகிற அந்த லைற் அப்போது பார்த்து அணைந்தது. இருட்டுக்குள், என் நெஞ்சுக்குள்ளிருந்து, நீ மெல்லச் சொன்னாய்:

"வந்திட்டியோ."

மேலே யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். வெளிச்சம் வந்தது. படிக்கட்டின் கடைசிப் படியில் துணிக்கூடையோடு அன்ரி நின்றார்.

நான் அசையவில்லை. அசைய ஏலவில்லை. என் வசனத்துக்காக நீ விட்ட இடைவெளி ஓடிக்கொண்டிருந்தது.

"ஓம்," என்றார் அன்ரி. "வந்திட்டன்."

"கிட்ட வராதை."

கூடையைக் கீழே வைத்தார். "வரேல்லை. இதிலதான் நிக்கிறன். நோகுதோ பிள்ளை?"

"இனி என்னை ஆரும் ஒண்டும் செய்யேலாது."

அன்ரியின் கை வாய்க்குப் போனது. எத்தனையோ பேரை எத்தனையோ விதமாகப் பயப்படுத்தியவள் நான். அன்றைக்கு முகமூடிக்குள் நின்று பயந்தவளும் நான்தான். உன் வசனங்கள் வில்லனின் வசனங்கள், அதைத் தவிர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அன்ரி கேட்டதற்குத்தான் அவை பதில் சொல்லிக்கொண்டிருந்தன என்பதும் தெரியும்.

"நான் ஆர் எண்டு இன்னும் விளங்கேல்லையோ?"

இதற்கு மேல் இது பகிடியில்லை, பாவம் என்று கையைத் தூக்கி முகமூடியின் நுனியைப் பிடித்தேன்.

"கழட்டாதை," என்றார் அன்ரி. "உன்ர சப்பாத்து எனக்குத் தெரியும். நீதான் எண்டு படியிலயே கண்டிட்டன். கழட்டாதை, அவள் சொல்லி முடிக்கட்டும்."

"அப்ப கழட்டிப் பார்," என்றாய் நீ.

நீ விட்டதிலேயே நீளமான இடைவெளி அதுதான். நாங்கள் இரண்டு பேரும் காத்து நின்றோம். பிறகு இருமல். பிறகு மூக்கிலி இல்லை, உன் சொந்தக் குரல், களைத்துப்போய்:

"எடியே, இந்த இடத்தில கழட்டு. உள்ளுக்கை ஆர் எண்டு எனக்கே தெரியாது. எட்டாம் பாகத்தில இருந்து யோசிக்கிறன், ஒண்டும் வருதில்லை. நீ ஆரையாவது போடு. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. நான் ஏதோ பெரிய ரகசியம் வச்சிருக்கிறன் எண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

நான் பதறி ஒலிபெருக்கியை நிறுத்தினேன். அன்ரி படியில் குந்திவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடிப்போனால், சிரிக்கிறார். சத்தமில்லாமல், கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"பொய்க்காரி. ஐஞ்சு மாசம். ஐஞ்சு மாசமா என்னைப் பேய்க்காட்டியிருக்கிறாள்."

சிரித்து ஓய்ந்து முகத்தைத் துடைத்தார். பிறகு பிளவுஸ் அளவு எடுக்கிற குரலில் கேட்டார்: "பிள்ளையள் எல்லாம் பாத்துக்கொண்டெல்லே இருக்குதுகள். ஆரையாவது காட்டத்தானே வேணும்?"

"ஓம் அன்ரி."

"கோட்டைத் தா. நான் நிக்கிறன்."

அப்படித்தான் உன் அம்மா மூக்கிலியானார். கோட்டுப் பைக்குள் உன் குரலைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டேன். இந்த முறை இடைவெளிகளில் என் வசனங்களை நான் சொன்னேன். அன்ரிக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவேண்டி இருக்கவில்லை. உன் குரலுக்கு அவர் தலை சாய்ந்த விதம் அச்சு அசல் நீ. "அப்ப கழட்டிப் பார்" என்றதும் நான் கை நீட்ட முதல் அவரே முகமூடியைக் கழற்றினார். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. நேராகக் கமெராவைப் பார்த்தார். உன்னைப் பார்ப்பதுபோல என்று எழுத நினைத்தேன். இல்லை, உன்னைத்தான் பார்த்தார்.

அந்த இடத்தோடு வெட்டிக் குழுவில் போட்டேன். "அப்ப அன்ரியோ வில்லன்?" என்று ஒருவன் கேட்டான். ஒரு சின்னன் இப்போதும் அன்ரியைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிக்கிறான். அன்ரிக்கு அதில் தாங்கமுடியாத பெருமை. அவனுக்கு மட்டும் மெல்லக் கதைத்துக் காட்டுகிறார்.

வெட்டிய மிச்சம் என் போனில் இருக்கிறது. முகமூடி கழன்றபிறகும் நான் போனை நிறுத்தவில்லை, அன்ரியும் அசையவில்லை. நீ உன் களவை இன்னொருதரம் ஒப்புக்கொண்டாய். அதற்குப் பிறகு முதல் தரம் நான் நிறுத்திவிட்ட இடம் வந்தது, அதையும் தாண்டி ஓடியது. பதிவை நிறுத்த மறந்து நீ நித்திரையாகி, முழித்தபிறகு அப்படியே அனுப்பியிருக்கிறாய். லைற் அணைந்தது. யாரும் போய்ச் சுவிட்சைத் தட்டவில்லை. திரையில் கறுப்பு, வேறு ஒன்றுமில்லை. ஆனால் காதை வைத்தால் மூச்சுக் கேட்கும். ஒன்று அன்ரியுடையது, ஒன்று என்னுடையது. மற்றது கொஞ்சம் இழுத்து, நடுவில் நின்று, பிறகு திரும்பவும் வரும்.

நிற்கிற ஒவ்வொரு தரமும் நான் காத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் வருகிறது.