கூரையில் வெயில், வீட்டில் கரண்டு இல்லை

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி சங்கர்ராமுக்கு அம்மாவின் அனேக ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை, அப்பா உயிரோடு இருக்கிறார், அதை க்ஷேமம் என்று நீ வைத்துக்கொள். நீயும் ஸுப்ரியாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அப்பா உன்னிடம் ஒன்றுமில்லைடா, கொஞ்சம் மூச்சு முட்டியது என்று சொல்லி முடித்துவிட்டார். அது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை. ஓணம் லீவு, நான் எட்டாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். புதுப்பிக்கத்தக்க வளம், புதுப்பிக்க இயலாத வளம் பற்றி ஒரு கேள்வி, வருஷா வருஷம் அதே தப்புகள். மரம் திரும்ப வளரும், ஆகையால் எவ்வளவு வெட்டினாலும் தீராது என்று ஒருத்தன். காற்றாலையாலும் அணையாலும் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்று ஒருத்தி. கரண்டையே ஒரு வளமாக்கி நிலக்கரிக்குப் பக்கத்தில் எழுதி வைத்தவர்கள் பாதி வகுப்பு. சூரியன் தீராது, அதனால் சோலார் வைத்த வீட்டில் கரண்டு போகவே போகாது என்று ஒரு பெண் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள். போன வருஷம் நீ போனில் எனக்குச் சொன்னதும் அட்சரம் பிசகாமல் அதேதான். நான் சிவப்புப் பேனாவால் அதை அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் கத்த ஆரம்பித்தது.

மழையில் எங்கேயோ தென்னை விழுந்து கரண்டு லைன் அறுந்திருந்தது. நான் முதலில் பதறவில்லை, மாடி நிறைய நீ வைத்த சோலார் பேனல் இருக்கிறதே என்ற தைரியம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது, பேனல் கண்ணைப் பறித்தது, வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. மெயின் ஸ்விட்சைப் போட்டேன், அணைத்தேன், மறுபடியும் போட்டேன். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரும் கொஞ்ச நேரத்தில் காலி, அப்பாவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. உன்னைக் கூப்பிட்டேன், உனக்கு அங்கே ராத்திரி, போனை அணைத்து வைத்திருந்தாய். பேனல் வைத்துக் கொடுத்த தோப்பும்படி பிஜுவைக் கூப்பிட்டேன். டீச்சரம்மா, லைன் போனா இதுவும் நிக்கும், போஸ்ட்ல ஏறி வேலை பாக்கறவனுக்கு ஷாக் அடிக்காம இருக்க அப்படித்தான் வச்சிருக்கு, பேட்டரி வேணும்னு அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேன், வெயில் தீராத ஊர்ல பேட்டரி எதுக்குன்னு கேட்டாரு என்றான். இருந்த பழைய இன்வெர்ட்டரையும் இடத்தை அடைக்கிறது என்று தள்ளிவிடச் சொன்னவன் நீதான். நான் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது சொல்லு.

என் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஷபானா ஓடி வந்தாள். அவளும் அவள் மைத்துனனுமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, ஃபேன் ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவர்கள் இன்வெர்ட்டரில் மெஷினை மாட்டினார்கள். சாயங்காலம் லைன் வரும்வரை அந்த வீடே புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தது, ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. எனக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தாள், குடிக்கும்போது ஜன்னல் வழியாக அவள் கடச்சக்கை மரம், அந்தச் சீமைப்பலா, நின்ற இடம் தெரிந்தது. அதன் நிழல் உன் பேனலில் விழுகிறது என்று நீயே அவளுக்குப் போன் போட்டு, மரம்தானே இத்தா, வேற நட்டா வளரும், அது என்ன தீர்ந்துபோற சாமானா என்று கேட்டாயே. சின்ன வயதில் அவள் ஊட்டிவிட்டுச் சாப்பிட்ட பையன் கேட்கிறானே என்று மறுபேச்சுப் பேசாமல் வெட்டினாள். வருஷம்தோறும் முதல் காய் நம் வீட்டுக்குத்தான் வரும். இந்த ஓணத்துக்கு மார்க்கெட்டில் வாங்கிக் கறி வைத்து எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அவள் நட்ட கன்று இப்போது என் முழங்கால் உயரம், அது காய்க்கும்போது அப்பா இருப்பாரோ என்னமோ. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மார்க்கைக் குறைக்கிறேன், எம்.டெக். படித்தவனுக்குக் குறைக்க நான் யார்.

நேற்று பேசும்போது பேட்டரிக்கு ஏற்பாடு பண்ணிவிட்டேன், இனிமேல் பயமில்லை அம்மா என்றாய். பேட்டரி வரட்டும், அப்பாவின் மூச்சு விஷயத்தில் எனக்கு வீம்பு கிடையாது. ஆனால் அவ்வளவு நேரம் பேசினவன் ஷபானாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டு போனதைவிட எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

வேளைக்குச் சாப்பிடு, தூங்கும்போது போனை அணைக்காதே. ஸுப்ரியாவுக்கு என் ஆசீர்வாதம், இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் ஷபானாவைக் கூப்பிடு. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதற்கு நன்றி என்று ஆரம்பிக்காதே, அதை நான் சொல்லியாகிவிட்டது, நீ மரத்தைப் பற்றிப் பேசு. அவள் உன்னைத் திட்டமாட்டாள், சாரமில்லை மோனே, பரவாயில்லை என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டு நிம்மதியாகப் போனை வைத்துவிடாதே, அப்போதாவது கொஞ்சம் வெட்கப்படு.

இப்படிக்கு,
உன் அம்மா
திரிபுரசுந்தரி