பாண்டவர் வீட்டுக் கற்கள்

கரடிமேடு காலனி,
3.10.1987

சுபாஷுக்கு,

பாண்டவர் வீட்டுக் கற்களைப் பெயர்த்து ரோட்டில் உருட்டியது நீதான். தனி ஒதுக்கீடு கேட்டு நீங்கள் நடத்திய சாலை மறியலில் வெட்டுவதற்குப் புளியமரம் மிச்சமில்லாமல் போனதும், உங்கள் தெரு ஆட்களுக்கு நீ கல் இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறாய். ஆடு ஓட்டி வந்த செல்லியம்மாள் பார்த்திருக்கிறார். "இன்னா தம்பி, பாண்டவரு வூட்டையே பேக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "நீ ஆட்டப் பாத்துக்கினு போ" என்று உன் சித்தப்பா மகன் விரட்டினானாம். நீ கடப்பாரையோடு தலையைக் குனிந்துகொண்டாயாம்.

ஊருக்கெல்லாம் அது பாண்டவர் வீடு. அது ஆதிகாலத்துச் சாவுக்குழி என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். மார்கழிப் பனியில் கயிறு பிடித்து அளந்தோம். கோமுகி ஆற்றங்கரையில் நீ பொறுக்கிய கல் சில்லுகள், மலைமேல் கரியாலூரில் மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிடுகிற வழவழப்பான கற்கோடாரிகள், இரண்டுக்கும் நடுவில் இந்தக் கல்வட்டம். ஆற்றைப் பிடித்துக்கொண்டே மலையேறிய ஜனங்களின் வழி இது என்று விடுதி மொட்டைமாடியில் எத்தனை நாள் பேசியிருப்போம்! முதுமக்கள் தாழிக்குள் ஒரு பல் கிடைத்தால்கூடப் போதும், அவர்கள் யார், என்ன தின்றார்கள் என்று பேச ஆரம்பிக்கலாம் என்றார் நம் பேராசிரியர். தை மாதம் தோண்ட வருவதாகவும் சொல்லியிருந்தார்.

கல் நகர்ந்ததும் புதையல் இருக்கும் என்று எவனோ குழியைக் கிளறிவிட்டான். தாழி தூள்தூளாகிவிட்டது. எலும்பெல்லாம் மழைச் சேற்றில் கலந்துவிட்டது.

உங்கள் கோரிக்கை நியாயம்தான். உங்கள் தெருவில் ஒரு தாசில்தார் உண்டா? கிடையாது. எங்கள் தெருவிலும் கிடையாது. அதற்கு இதையா பெயர்ப்பாய்?

பகலவன்


மூங்கில்துறைப்பட்டு,
11.10.1987

அன்பு நண்பன் பகலவனுக்கு,

நான் மறுக்கவில்லை. ஊரில் போலீஸ் வீடு வீடாகத் தேடுகிறது. சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் மாமா வீட்டில் ஒளிந்திருக்கிறேன். ஊருக்கு வந்த உன் கடிதத்தை மாமிதான் மடியில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"படிச்சவன்னு உன்ன வச்சிக்கினு இன்னாடா பிரயோஜனம்? காலேஜ் லீவு முழுக்கக் கல்லப் பொறுக்கிக்கினு திரிஞ்சியே, ஒரு நல்ல கல்லு எங்க கீதுன்னு சொல்ல மாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சொன்னேன்.

ஆனால் ஒவ்வொரு கல்லையும் உருட்டும் முன்பு சுண்ணாம்பால் எண் போட்டேன். மறியல் முடிந்ததும் நீயும் நானும் அதே இடத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்காதே, நிஜமாகவே நினைத்தேன். துப்பாக்கிச் சூடு வரைக்கும் போகும் என்று யாருக்குத் தெரியும்?

கற்கள் ரோட்டோரம்தானே கிடக்கின்றன? எண் அழியாமல் பார்த்துக்கொள்.

உன்
சுபாஷ்


கரடிமேடு காலனி,
29.11.1987

சுபாஷுக்கு,

உன் சுண்ணாம்பு முதல் மழையிலேயே போய்விட்டது. ரோட்டோரக் கற்களை ஜல்லி உடைக்கச் சொல்லி ஒரு கான்ட்ராக்டர் காலனி ஆட்களைக் கூப்பிட்டான். என் அப்பாவும் போனார். வேண்டாம் என்று நான் மன்றாடினேன். "கல்லு ரோட்ல கெடக்குது. சோறு எங்கடா கெடக்குது?" என்றார். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பேராசிரியர் எழுதிப்போட்டதால் மெட்ராஸிலிருந்து தொல்லியல் துறை அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கூடவே போலீஸ். கல்வட்டம் இருந்த இடத்தில் குழி. ரோட்டோரத்தில் சம்மட்டியோடு என் அப்பா பிச்சைமுத்து. முடிந்தது விசாரணை. பழங்காலச் சின்னத்தை உடைத்தார், தாழியைத் தோண்டினார் என்று அப்பா மேல் வழக்கு. கான்ட்ராக்டர் அவரைப் பார்த்ததே இல்லை என்கிறான். செல்லியம்மாள், "நான் இன்னாத்த கண்டேன்" என்கிறார். உங்கள் கொல்லைக்காட்டில் கூலிக்குப் போகிறவர் வேறு என்ன சொல்வார்?

கற்களை உருட்டியது யார் என்று நீ வந்து சொல்ல வேண்டும். அது போதும்.

பகலவன்


மூங்கில்துறைப்பட்டு,
14.12.1987

அன்புள்ள பகலவன்,

உன் கடிதம் படித்து இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. உன் அப்பா எனக்குப் பனங்கிழங்கு சுட்டுக் கொடுத்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவரை வாசலோடு நிறுத்தியதையும் நான் மறக்கவில்லை.

நான் வருகிறேன். ஆனால் இப்போது வேண்டாம். இப்போது என் பெயர் வழக்கில் ஏறினால் ஆயுசுக்கும் சர்க்கார் வேலை கிடையாது. இதற்குத்தானா இத்தனை பேர் ரோட்டில் உட்கார்ந்தோம் என்கிறார் என் அப்பா. கொஞ்சம் பொறு. எல்லா வழக்கும் தள்ளுபடியாகும் என்கிறார்கள்.

உன்
சுபாஷ்


கரடிமேடு காலனி,
2.7.1989

சுபாஷ்,

நீ சொன்னது நடந்தது. உங்கள் தெருப் பையன்கள் மேல் போட்ட வழக்குகள் தள்ளுபடியாகிவிட்டன. அப்பாவின் வழக்கு மட்டும் நிற்கிறது. அவர் போராட்டக்காரர் இல்லையாம், கல் திருடியவராம்.

தனி ஒதுக்கீடு வந்ததும் உனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான், நம்பு. உன் தெருவில் முதல் ஆள் நீ.

போன வாய்தாவுக்குப் போய்விட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். அப்பா கேட்டார்: "அந்தக் குழில கெடந்தவன் எந்தத் தெருக்காரன்டா?"

"அப்ப தெருவே கெடையாதுப்பா. எங்கிருந்தோ நடந்து வந்தவங்க."

"தெருவே இல்லாதவனுக்கு வேண்டி எந்தத் தெருக்காரன உள்ள வெக்கணும்னு மட்டும் கரெக்டா தெரியுது பாரு." இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதாக நாம்தான் வாய் கிழியப் பேசினோம். இனி யாராலும் முடியாது. அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அப்பா ஜெயிலுக்குப் போவதை ஏற்க முடியாது.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து நீ எழுதிய முதல் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுக்கச் சொல்கிறார் வக்கீல். கொடுத்தால் உன் வேலை போகும். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இருந்தும் கொடுக்கவில்லை. என் பெட்டியிலிருந்து எடுத்து உன்னைப் பிடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீயாக வந்து சொல். வரும் 17ஆம் தேதி, காலை பத்தரை மணி.

பகலவன்


கரடிமேடு காலனி,
6.8.1989

சுபாஷ்,

17ஆம் தேதி நீ வரவில்லை. கோர்ட் வாசலில் ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் அப்பா, "அந்தத் தம்பி வந்துடும்" என்றார். தம்பி என்றுதான் இன்னும் சொல்கிறார். அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. விலாசம் சரிதான். விழுப்புரம் போய் உன் ஆபீஸ் வாசல் வரை வந்து பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். உள்ளே வரவில்லை.

இந்த மாதம் 22ஆம் தேதி தீர்ப்பு. அதற்கு முந்தின நாள் வரை சாட்சி சொல்லலாம் என்கிறார் வக்கீல்.

வந்து சொல்லுடா.

பகலவன்