சிவப்புக் கோப்பில் ஒரு நற்சான்று

கொச்கோர்
5 செப்டம்பர் 2011

மதிப்புக்குரிய மூத்தவருக்கு,

தம்பி மனைவி உம்சுனாய் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தம்பி தோக்தோசுனும் பிள்ளைகளும் நலம். ஏரிக்கரை விடுதியின் சேற்றுக் குளியல் உங்கள் இடுப்புக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். நம் உருளைக்கிழங்கு ஆய்வகத்தில் உங்கள் நாற்காலி மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. வேலை எதுவும் நிற்கவில்லை.

உங்கள் கையெழுத்துக்காக ஓட்டுநர் கொண்டுவரும் சிவப்புக் கோப்பில் என் ராஜினாமா இருக்கிறது. சட்டப்படி பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி என் கடைசி நாள். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு விதை நிறுவனம் தன் ஆய்வகத்தை என் பொறுப்பில் விட முன்வந்திருக்கிறது. இப்போது வேலை பார்க்கும் இடத்தின் நற்சான்றை இருபத்திரண்டாம் தேதிக்குள் கேட்கிறார்கள். தவறினால் அந்த இடம் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். என் மூத்த மகள் அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளைத் தனியே விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நான்கு வரி எழுதித் தந்தால் போதும்.

உலர்ந்த தயிர் உருண்டை ஒரு பை அனுப்பியிருக்கிறேன்.

பணிவுடன்,
உம்சுனாய்


ஏரிக்கரை விடுதி
8 செப்டம்பர்

எங்கள் வீட்டு மருமகள் உம்சுனாய்க்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து இரண்டு வேளை குளியலுக்குப் போகவில்லை. இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. அதற்கு நீதான் காரணம்.

பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சந்தையில் கேரட் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு வெள்ளை அங்கி மாட்டி உட்கார வைத்தது யார்? தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் என்றுதானே செய்தேன்? சட்டத்துக்குப் பதினான்கு நாள், சரி. உறவுக்கு எத்தனை நாள்? கிழங்கு அறுவடை முடியட்டும். அக்டோபர் கடைசிவரை இருந்துவிட்டுப் போ. பிஷ்கெக் எங்கும் ஓடிவிடாது. பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொன்னேன்: "பாருங்க, நாம தூக்கி விடுறோம், இதுங்க ரெக்கை முளைச்சதும் பறக்குதுங்க." அவர் ரொம்ப நேரம் தலையாட்டினார்.

நற்சான்றெல்லாம் உட்கார்ந்து எழுத எனக்கு நேரமில்லை. எல்லோரையும் போல நீயே எழுதிக்கொள். கோப்பில் வை, கையெழுத்துப் போடுகிறேன். அடக்கமாக எழுது. 'பணிவானவள், சொன்னதைச் செய்பவள்' என்றால் போதும். உன்னைப் பற்றிச் சொல்ல வேறென்ன இருக்கிறது? அதற்குமுன் சுற்றுச்சீட்டு வேண்டும். 'இவள் எதையும் எடுத்துப் போகவில்லை' என்று பதினெட்டுப் பிரிவும் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் தொடமாட்டேன்.

தயிர் உருண்டையில் உப்பு அதிகம்.

கெங்கேஷ்பெக் ஜுமாதிலோவிச்
இயக்குநர்


கொச்கோர்
12 செப்டம்பர்

மதிப்புக்குரிய மூத்தவருக்கு,

உப்பு அதிகமானதற்கு மன்னிக்கவும். பை காலியாகத் திரும்பி வந்தது.

சுற்றுச்சீட்டு முடிந்தது. பதினெட்டில் ஏழு பிரிவுகளில்தான் உயிருள்ள ஆட்கள் இருக்கிறார்கள். நூலகத்தை மூடிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அங்கே இப்போது முடிவெட்டும் கடை. கடைக்காரி கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "எங்கிட்டருந்து ஒரு புத்தகமும் எடுக்கல, ஒரு தடவ முடி வெட்டக்கூட வந்ததில்ல, மகராசி" என்று கையெழுத்திட்டாள். விஷவாயு முகமூடிக் கிடங்குக்காரர் இறந்துவிட்டதால் அவர் மனைவி வீட்டுக்குப் போனேன். முகமூடி இன்னும் பரணில் இருக்கிறதாம். "என்னடி, இப்பத்தான் கணக்குக் கேக்க வர்றீங்களா?" என்றார். தேநீர் கொடுத்துவிட்டு அவரும் கையெழுத்திட்டார். சீட்டில் உங்கள் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். கணவனின் மூத்தாரைப் பெயர் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அக்டோபர்வரை என்னால் இருக்க முடியாது. பத்தொன்பதாம் தேதி என்னை விடுவிக்கும் உத்தரவும், நீங்கள் சொன்னபடி நானே எழுதிய நற்சான்றும் கோப்பில், டீசல் கேட்புத் தாளுக்குக் கீழே இருக்கின்றன. தயவுசெய்து படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: படித்துப் பார்த்துவிட்டு.

உம்சுனாய்


ஏரிக்கரை விடுதி
15 செப்டம்பர்

மருமகள் உம்சுனாய்க்கு,

எல்லாத் தாளிலும் கையெழுத்திட்டு வட்ட முத்திரை வைத்திருக்கிறேன். நற்சான்றை வரி விடாமல் படித்தேன். கொஞ்சம் தற்பெருமைதான். நாலு வரியை அடித்திருப்பேன், சின்னவள், போகட்டும் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

அக்டோபர் கடைசிவரை இருக்கச் சம்மதித்ததில் சந்தோஷம். புத்தி வந்ததே.

பிஷ்கெக்கில் அதிகம் எதிர்பார்க்காதே. அங்கே உன்னைப் போல ஆயிரம் பேர் சோதனைக் குழாய் கழுவுகிறார்கள்.

கெங்கேஷ்பெக் ஜுமாதிலோவிச்
இயக்குநர்


பிஷ்கெக்
23 செப்டம்பர்

கெங்கேஷ்பெக் ஜுமாதிலோவிச் அவர்களுக்கு,

ஆம், பெயர் சொல்லித்தான் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த நாவு மரியாதைக்காக அடங்கியிருந்தது. அந்த மரியாதை யாருக்கு என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

நீங்கள் வரி விடாமல் படித்த நற்சான்றின் நகல் இது. முதல் முறையாகப் படியுங்கள்.

'உம்சுனாய் சிதிகோவா இங்கே பதினோரு ஆண்டு பணியாற்றினார். என் பெயரில் மேலிடத்துக்குப் போன எல்லா அறிக்கைகளையும் எழுதியவர் அவரே. ஒன்றையும் நான் படித்ததில்லை. 2008-இல் விதைக்கிழங்கில் வளைய அழுகல் நோயைக் கண்டுபிடித்து, நாற்பது டன் நிலத்துக்குப் போகாமல் தடுத்தவர் அவர். அதற்கான பாராட்டுப் பத்திரம் என் அறைச் சுவரில் தொங்குகிறது. இந்தத் தாளையும் படிக்காமலேதான் கையெழுத்திடுகிறேன்.'

விடுவிப்பு உத்தரவிலும் உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. பத்தொன்பதாம் தேதியே கிளம்பிவிட்டேன்.

எந்தத் தைரியத்தில் அதைக் கோப்பில் வைத்தேன் என்று கேட்பீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன் என் மகளின் கணக்கு வீட்டுப்பாடம் தவறிப்போய் உங்கள் கோப்பில் சேர்ந்துவிட்டது. 'ஒப்புதல்' என்று எழுதி, முத்திரையோடு திரும்பி வந்தது. அதில் மூன்று கணக்கு தப்பு.

நேற்று நிறுவனத் தலைவி சைராகுல் முன்னால் அந்தத் தாளைத்தான் வைத்தேன். வேறு தாள் என்னிடம் இல்லை. அவர் இரண்டு முறை படித்தார்.

"இது அவரு கையெழுத்துதானா?"

"ஆமாங்க. முத்திரையும் அவரோடதுதான்."

"படிச்சாரா?"

"வரி விடாம படிச்சேன்னு எழுதியிருக்காரு." உங்கள் கடிதத்தை நீட்டினேன்.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு கிழங்கை வெட்டி என் பக்கம் தள்ளினார். நோயின் பெயரைச் சொன்னேன். "திங்கக்கிழம வந்துடும்மா. எங்கிட்ட வர்ற தாள நான் படிப்பேன், அதுக்கு மட்டும் தயாரா இரு" என்றார்.

உம்சுனாய் சிதிகோவா


கொச்கோர்
3 அக்டோபர்

அன்பு மகள் உம்சுனாய்க்கு,

நலமா? மூத்தவள் நன்றாகப் படிக்கிறாளா? எனக்கு இடுப்பு பரவாயில்லை.

நீ அனுப்பிய நகலைப் படித்தேன். இரண்டு முறை. வேறு யாருக்கும் காட்டிவிடாதே, அம்மா. இது வீட்டு விஷயம். கோபத்தில் நானும் இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதியிருப்பேன், பெரியவர்கள் எழுதுவதுதானே.

ஒரு சின்ன உதவி. ஆய்வகத்துக்குப் புது இயக்குநரைப் போடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். நான் செய்த பணிகளைப் பற்றி நானே இரண்டு பக்கம் எழுதிப் பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். பெயரும் பிறந்த தேதியும் எழுதிவிட்டேன், அதற்குமேல் ஓடவில்லை. இங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் வேலை உனக்குத்தானே முழுதாகத் தெரியும்? எழுதி அனுப்பு. இந்த முறை சத்தியமாகப் படித்துவிட்டே கையெழுத்திடுவேன்.

தயிர் உருண்டை இருந்தால் கொஞ்சம் சேர்த்து அனுப்பு.

உன் மூத்தவன்,
கெங்கேஷ்பெக்


பிஷ்கெக்
6 அக்டோபர்

கெங்கேஷ்பெக் ஜுமாதிலோவிச் அவர்களுக்கு,

உங்கள் வேலை எனக்கு முழுதாகத் தெரியும். இரண்டு பக்கம் வராது.

உறவுக்கு எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வருஷம் கொடுத்தாயிற்று.

எல்லோரையும் போல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

உம்சுனாய் சிதிகோவா
ஆய்வகப் பொறுப்பாளர்