நீல அட்டைக் கோழிப் புத்தகம்

லாரல் ஓடை, கென்டக்கி
மார்ச் 9

அன்புள்ள பிரென்னாவுக்கு,

நீ உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். என் பெயர் வெர்டி கோலெட். வயது எழுபத்தெட்டு. ஹோல்பிரூக் டீச்சரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உனக்கு எழுதிய நன்றிக் கடிதங்களோடு இதையும் ஒரே உறையில் வைக்கிறோம். உன் முகவரியை டீச்சர் எனக்குக் காட்டவில்லை. காட்டக் கூடாதாம். முதலில் பிள்ளைகள் எழுதியதைப் படி. நீ வாங்கிக்கொடுத்த பூதக்கண்ணாடியில் எறும்பின் முகத்தைப் பார்த்ததாக ஒருத்தன் எழுதியிருக்கிறான். அதையெல்லாம் படித்து முடித்த பிறகு இதற்கு வா.

சின்ன வயதில் படித்த புத்தகம் பாதிதான் ஞாபகம் இருக்கிறதா, சொல்லுங்கள், கண்டுபிடித்துத் தருகிறோம், பதிலுக்கு எங்கள் வகுப்பறைகளுக்கு முடிந்ததைக் கொடுங்கள் என்று டீச்சர் இணையத்தில் போட்டிருக்கிறாளே, அங்கே கண்டுபிடிப்பது பெரும்பாலும் நான்தான். இந்த ஊர் நூலகத்தை முப்பத்தொரு வருடம் கூட்டித் துடைத்தவள் நான். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருந்தது, எதன் முதுகு கிழிந்திருந்தது, எல்லாம் கண்ணில் நிற்கிறது. கேட்கிறவர்கள் தப்பும் தவறுமாகத்தான் கேட்பார்கள். சிவப்பு அட்டை என்பார்கள், பச்சையாக இருக்கும். முயல் என்பார்கள், பூனையாக இருக்கும். அழுத இடத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதை வைத்துத்தான் பிடிப்பேன்.

டீச்சரின் பாட்டி, 1971இல் சர்ச் விருந்தில் என் சோளரொட்டியைக் கடித்துவிட்டு, “இதுல சர்க்கரையக் கொட்டிருக்காளே, இவ எந்த ஊர்க்காரி?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டவள். அவள் செத்துப் பல வருடமாகிவிட்டது. நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பேத்தி நல்ல பெண். வாரத்துக்கு ஒருநாள் வந்து, வந்திருக்கும் கேள்விகளைப் படித்துக் காட்டுவாள்.

உன் கேள்வியை மட்டும் அவள் கொண்டுவரவில்லை. உள்ளே கட்டங்களும் எண்களும் இருந்ததாக நீ எழுதியிருந்தாய் அல்லவா, குழந்தைகளுக்கு எண்ணக் கற்றுத்தரும் புத்தகம்தான், தானே தேடிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நான்கு மாதம் தேடினாள். கிடைப்பதற்கு முன்பே நீ பெட்டி நிறையப் பூதக்கண்ணாடி அனுப்பிவிட்டதால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. போன மாதம்தான் தோற்றுப்போய் என் சமையலறைக்கு வந்தாள்.

“வெர்டியம்மா, இது உங்களுக்கே தண்ணி காட்டப்போகுது பாருங்க” என்றாள்.

“எனக்குத் தண்ணி காட்டுறவ இன்னும் பொறக்கல. நீ படி” என்றேன்.

நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவள் படித்தாள். நீல அட்டை. அட்டையில் ஒரு கோழி. ஹெட்டி என்ற நொண்டிக் கோழி, தொலைந்துபோன குஞ்சைத் தேடி நிலக்கரி ஏற்றிப்போகும் ரயிலில் ஏறுகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்கிறது. “இங்க வரல, அடுத்த ஊர்ல கேட்டுப் பாரு” என்கிறார் அவர். என் கை நின்றுவிட்டது. இந்தக் கதையை என் மகள் டார்லாவைத் தவிர உலகத்தில் யாரும் கேட்டதில்லை. அவள்தான் தன் பிள்ளைக்குப் படித்துக் காட்டக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. டீச்சர் கடைசி வரியையும் படித்தாள். என் அம்மா டார்லா போன கோடையில் இறந்துவிட்டார், கடைசி வாரத்தில் இந்தப் புத்தகத்தைத்தான் கேட்டார், அவருடைய அம்மா அவருக்குப் படித்துக் காட்டியதாம், வாழ்நாள் முழுக்கத் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை என்று நீ எழுதியிருந்தாய்.

டீச்சருக்கு டார்லா யார் என்று தெரியாது. பதினேழு வருடமாக அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

“தெரிஞ்ச புத்தகமா? யார் எழுதினது?” என்று கேட்டாள். “நீ வீட்டுக்குப் போடி” என்று மட்டும் சொன்னேன். மறுநாள்தான் விஷயத்தைச் சொன்னேன். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

நான் உன் அம்மாவைப் பெற்றவள்.

நீ தேடிய புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது கதைப் புத்தகமே இல்லை. கோழி வளர்ப்பவர்களுக்கு விவசாய அலுவலகத்தில் சும்மா கொடுத்தது. நீ சொன்ன கட்டங்கள் முட்டைக் கணக்கும் தீவனக் கணக்கும். எங்கள் வீட்டில் பைபிளைத் தவிர அது ஒன்றுதான் படம் போட்ட புத்தகம். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மற்ற அம்மாக்கள் படித்துக் காட்டுகிறார்களே என்று அதை விரித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்வேன். டார்லா பக்கம் புரட்டுவாள். நாற்பத்துநான்கு வயதில், நூலகத்தில் இருந்த அம்மாள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். படிக்க வந்ததும் முதலில் இதைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஹெட்டி ரயிலுக்குக் காத்திருக்கும் பக்கத்தில் பேன் மருந்து தெளிக்கும் முறை எழுதியிருந்தது. அதற்குள் டார்லா நாட்டின் மறுகோடியில் இருக்கும் உங்கள் டக்கோமாவுக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு, பதினேழு வருடத்துக்கு முன்னால், சுரங்கத்தில் உழைத்த உன் தாத்தா ஹோபர்ட் நுரையீரலில் கரித்தூள் அடைத்துச் செத்துப்போனார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் டார்லா வந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு, “யாரப் பாக்க வந்தே? பாக்க வேண்டியவர மண்ணுக்குள்ள வச்சாச்சு” என்றேன். “அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு” என்றாள். நான் கேட்கவில்லை. கதவைச் சாத்தினேன். காரின் பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நீ. அன்றைக்கு ஏன் தாமதமானாள் என்று உனக்கு அவள் சொல்லியிருக்கக் கூடும். எனக்குத் தெரியாது.

அதன் பிறகு கடிதம் போட்டாள். ஒன்பது கடிதம். ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. ‘அனுப்பியவருக்கே திருப்பவும்’ என்று உறைமேல் என் கையாலேயே எழுதித் தபால்காரரிடம் கொடுத்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் மகளுக்குப் படித்துக் காட்டினேன். படிக்கத் தெரிந்த பிறகு மகள் எழுதியதைப் படிக்கவில்லை. அவளுடைய பெட்டியில் அந்த உறைகள் இருந்தால் எறிந்துவிடாதே.

கோழிக்குக் குஞ்சு கிடைத்ததா, முடிவு யாருக்கும் ஞாபகமில்லை என்று கேட்டிருந்தாய். முடிவு கிடையாது, பிரென்னா. மூன்றாவது ஸ்டேஷன் வருவதற்குள் டார்லா தூங்கிவிடுவாள். அதனால் எனக்கு முடிவே தேவைப்படவில்லை. உனக்காக ஒன்று கட்டி எழுதலாம் என்று நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கிடைத்தது என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். பதினேழு வருடத்தில் ஒருநாளும் ரயில் ஏறாதவளுக்கு அதை எழுத யோக்கியதை இல்லை.

நீ வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். என்னைப் பாட்டி என்று கூப்பிடச் சொல்லியும் கேட்கமாட்டேன். கோபம் இருந்தால் வைத்துக்கொள், அது என் ரத்தத்தில் வருவதுதான். ஆனால் என்னைப்போல் இத்தனை காலம் வைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் தா. எங்கள் பைபிளின் முன்பக்கத்தில் வீட்டில் பிறந்தவர்கள், போனவர்கள் எல்லோருடைய தேதியும் இருக்கிறது. டார்லா பிறந்த நாளை ஹோபர்ட்டின் அக்காதான் எழுதினாள். எனக்குத்தான் அப்போது எழுத வராதே. அதற்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. அவள் எந்தத் தேதியில் போனாள் என்று ஒரு வரி டீச்சருக்கு எழுதிப் போடு. என் பிள்ளைக்கு அதையாவது நான் எழுதுகிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
டார்லாவின் அம்மா,
வெர்டி கோலெட்