நான்கு பத்தில் நின்ற கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

எழுத ஆரம்பிக்கவே கூச்சமாக இருக்கிறது, மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாராவது எழுதியது என்றால் விண்ணப்பப் படிவம்தான். ஆனால் பகல் முழுக்க வாய் திறக்காதவளுக்கு எங்காவது பேசியாக வேண்டுமே.

அருங்காட்சியகத்தில் சேர்ந்து ஒரு மாதம். பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகளை எழுதுவது என் வேலை. மூன்றாம் அறையின் காவலர் என் அப்பா. இது அங்கே யாருக்கும் தெரியாது. "சிபாரிசுல வந்த பொண்ணுன்னு பேசுவாங்க. நீ பரீட்சை எழுதி வந்தவ. உள்ள நுழைஞ்சா நான் யாரோ, நீ யாரோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். காலையில் வேறு வேறு பஸ்ஸில் போகிறோம். இன்று வழி தவறி அவர் அறைக்குள் போய் நின்றேன். "மேடம், ஆபீஸ் அந்தப் பக்கம்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சும்மாவா அவருக்குச் 'சிலை' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

காப்பாட்சியர் கூட்டம் போட்டார். மொத்தக் கட்டடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. மூன்றாம் அறையில் இருப்பவை பழைய வீட்டுச் சாமான்கள். யாரும் நிற்பதில்லை. ஏப்ரல் கடைசிக்குள் பார்வையாளர் கூட்டம் சேராவிட்டால் அறையை மூடி, விற்பனைக் கூடம் ஆக்கிவிடுவார்களாம். "அப்ப சிலையையும் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் போய்க் கேட்டேன். "அந்த அறை அட்டைகளை நான் மாத்தி எழுதட்டுமா சார்?" அந்தக் குரல் என்னுடையதுதானா? "எழுதிப் பாருங்க" என்றார்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "இருபது வருஷமா நின்னாச்சு. நானும் எப்படா உக்காரலாம்னு இருந்தேன்" என்றார். தட்டில் பாதி மிச்சம்.

மார்ச் 13, வியாழன்

பழைய அட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி. 'குழந்தைச் செருப்பு. தோல். நீளம் 14 செ.மீ.' முதல் வரியிலேயே வகுப்பறை வாசனை. யார் நிற்பார்கள்?

நன்கொடைக் கோப்பில் அந்தச் செருப்பைப் பற்றி ஒரு கடிதம் கிடைத்தது. இப்படி எழுதினேன்: 'வலது செருப்பு மட்டும் ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது?' அவ்வளவுதான். பதிலைத் தனி அட்டையில், முழங்கால் உயரத்தில் வைத்தேன். ஒரு காலை வண்டியில் வைத்து, மறு காலால் தரையை உந்தி ஓட்டும் வண்டி ஒன்று அந்தக் குழந்தையிடம் இருந்திருக்கிறது. உந்திய கால் வலது கால்.

மாலையில் அப்பாவின் அறிக்கை: "முப்பத்தோரு பேர் குனிஞ்சாங்க. ஒருத்தருக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு. நான்தான் நிமிர்த்திவிட்டேன்."

அம்மா சொன்னாள்: "வீட்டுக்கு வந்தும் ரெண்டு பேருக்கும் அதே பேச்சு. நானும் பழைய பொருள்தான், எனக்கும் ஒரு அட்டை எழுது."

முன்பின் தெரியாத முப்பத்தொரு பேரை நான் குனிய வைத்திருக்கிறேன். கேள்வியை முன்னால் வைத்தேன், பதிலைத் தள்ளி வைத்தேன். குனிந்தவர் பாதி என் பக்கம் வந்துவிட்டார். எதிரில் ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்பவள் நான்!

மார்ச் 22, சனி

சுவர்க் கடிகாரம். இதற்குக் கோப்பில் ஒன்றுமே இல்லை. முள் நான்கு பத்தில் நிற்கிறது. பத்துத் தடவை அடித்து எழுதியது:

'நான்கு பத்து. அந்த நேரத்தில் இந்த வீட்டில் யாரோ கடைசியாக மூச்சு விட்டிருக்கலாம். அதன் பிறகு இதற்குச் சாவி கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை போலும்.'

'யாரோ' என்பதை வேண்டுமென்றேதான் போட்டேன். படிப்பவர் அங்கே தன் வீட்டு ஆளை வைத்துக்கொள்வார். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச் 29, சனி

கடிகாரத்துக்கு முன்னால் வரிசை. பத்திரிகையில் துணுக்கு வந்திருக்கிறது. காப்பாட்சியர் கூட்டத்தில் என் அட்டையை வாய்விட்டுப் படித்தார். சுவரொட்டி அடிக்கப்போகிறார்களாம். "இப்படியே போனா அறையை மூட வேண்டியிருக்காது." கழிப்பறைக் கண்ணாடியில் ஒரு முறை சிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஒரு அம்மா வந்தாங்க. கடிகாரத்துக்கு முன்னாடி நின்னு அழுதாங்க. அவங்க வீட்டுக்காரரும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் போனாராம். இது யாரு வீட்டுக் கடிகாரம்னு என்னைக் கேட்டாங்க."

"இருக்கலாம்னுதானேப்பா போட்டிருக்கேன்."

"அவங்க எங்க அந்த 'இருக்கலாம்'ல நின்னாங்க?" தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த முள்ளை நான்தான் தள்ளினேன், பாப்பா. ஆறு வருஷம் முன்னாடி. துடைக்கறப்ப கை பட்டுடுச்சு. முன்ன ஒன்பதோ பத்தோ காட்டிச்சு. யாருகிட்டயும் சொல்லல."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஏமாத்திட்டேனா? கதைன்னா பரவாயில்லை, அது அருங்காட்சியகம் — அங்க எழுதினா நிஜம்னுதானே நம்புவாங்க? ஊகம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுகை வர்ற மாதிரி வார்த்தையை அடுக்கினேனே.

அட்டை இருந்தால் அறை பிழைக்கும். உண்மையைச் சொன்னால் அப்பாவின் வேலை என்னாகும்?

அவரிடமே கேட்டேன். "எடுத்துடு. யாரு தள்ளினதுன்னு கேட்டா என்னைச் சொல்லு."

"வேலை போயிடும்ப்பா."

"அந்த அம்மா திரும்ப வந்தா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? நீ உள்ள ரூம்ல உக்காந்திருப்ப. அங்க நிக்கறவன் நான்."



ஏப்ரல் 8, செவ்வாய்

புது அட்டையோடு காப்பாட்சியர் அறைக்குப் போனேன்.

'இந்தக் கடிகாரம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். ஆறு ஆண்டுகளுக்கு முன் தூசி துடைத்தபோது, இங்கே நிற்கும் காவலரின் கை பட்டு முள் நகர்ந்துவிட்டது. முன்பு இங்கே இருந்த அட்டை சொன்னது வெறும் ஊகம். தவறு எங்களுடையது. கடிகாரம் உண்மையில் எப்போது நின்றது? காவலரையே கேட்டுப் பாருங்கள்.'

இரண்டு முறை படித்தார். "சுவரொட்டி அச்சுக்குப் போயிருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார்."

"இதைப் போட அந்தக் காவலர் ஒத்துக்கிட்டாரா?"

"அவர்தான் சார் போடச் சொன்னார்."

தொலைபேசியைக் கையில் எடுத்தார். "அச்சை நிறுத்தச் சொல்றேன். அட்டையை வைங்க. மாசக் கடைசியில பார்ப்போம்."

'நம்ப வேண்டாம்' என்று சொன்னால் கால் நின்றுவிடும், அதனால் அது முதலில். கடைசி வரியைத்தான் மனிதர்கள் கையோடு எடுத்துப்போகிறார்கள், அதனால் அப்பா கடைசியில். அவரோடு ஒரு முறை பேசியவர் அவரை வெளியே அனுப்பச் சம்மதிக்கமாட்டார். இதுவும் உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் படிப்பவரிடம் இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பேசிப் பேசி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "சிலைக்கு வாய் முளைச்சா இப்படித்தான்" என்று அம்மா வெந்நீர் கொடுத்தாள்.

ஏப்ரல் 19, சனி

அந்த அம்மா வந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பா அவரை அட்டையிடம் கூட்டிப்போனார். அவர் படித்து முடிக்கும்வரை அப்பா தலை குனிந்து நின்றார். "தப்பு நடந்துபோச்சும்மா."

"நான் வீட்டுக்குப் போயி, பசங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லி அழுதேன்யா. இப்ப கை பட்டுடுச்சுங்கிறீங்க." கோபம்தான். ஆனால் போகவில்லை. "சரி, ஒன்பதா, பத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இருவரும் கால் மணி நேரம் அதையே பேசினார்கள். கிளம்பும்போது, "இதை எழுதினவங்களை ஒரு தடவை நான் பார்க்கணும்" என்றார்.

திட்டவா, பாராட்டவா? தெரியாது. நான் தூணை விட்டு வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமல், "உள்ள வேலையா இருப்பாங்கம்மா" என்றார்.

அந்தத் தூண் இனிப் பல நாள் என்னைவிட்டுப் போகாது என்று இப்போதே தெரிகிறது.

ஏப்ரல் 30, புதன்

மூன்றாம் அறை மூடப்படாது. கூட்டத்தில் அறிவித்தார்கள். மொத்தக் கட்டடத்திலும் ஆட்கள் அதிக நேரம் நிற்பது அந்தக் கடிகாரத்துக்கு முன்னால்தானாம். "காவலரும் அங்கேயே இருக்கட்டும். அவர் இல்லாம அந்த அட்டைக்கு அர்த்தம் இல்லை" என்றார் காப்பாட்சியர். இந்த முறை பேனா மூடியைப் பார்க்கவில்லை. எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

பிறகு என்னை மட்டும் அழைத்தார். வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டார்களாம். "நல்லா எழுதறீங்க. தப்பையும் நல்லா எழுதறீங்க. உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்ற நாளிலிருந்து வேண்டும். அப்பா போட்ட விதியை மீறுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

"அட்டையில ஒரு திருத்தம் சார்."

"மறுபடியுமா?" கண்ணாடியைக் கழற்றினார்.

"'இங்கே நிற்கும் காவலர்'னு இருக்கு சார். அதை 'இங்கே நிற்கும் என் அப்பா'ன்னு மாத்தி, கீழே என் பேரையும் போட்டுக்கட்டுமா?"