பங்காளி என்று அவர்களே எழுதினார்கள்

ஒலிப்பதிவுக் கருவியின் துணிப்பையை இன்று காலை திறந்தேன். உம்முடைய தைல வாசம் இன்னும் போகவில்லை. கடற்சொற்களைத் தேடப் புறப்பட்ட ஆளுக்கு வள்ளம் ஏறினாலே தலைசுற்று. ஒவ்வொரு முறையும் நெற்றியில் பூசி, கழுத்தில் பூசி, கடைசியில் பையிலும் பூசிவிடுவீர். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு கோபம் வந்தது. அழுவதை விட எனக்கு அது வசதி.

கோபத்துக்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள மீனவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களைத் தொகுக்கும் நம் வேலைக்கு, முன்பு கேட்டு வந்த அதே வெளிநாட்டு நிதியம் மறுபடியும் காசு தர வருகிறதாம். அவர்களுடைய பல்கலைக்கழகமும் நாமும் சேர்ந்து செய்கிற கூட்டாய்வாம்.

முதல் முறை வந்த ஒப்பந்தத்தை யாரோ தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். அதில் நாம் 'உள்ளூர்ப் பங்காளி'. என்ன தமிழ் இது என்று நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. சாம்பல்தீவில் கரைவலை இழுத்த வீட்டுப் பிள்ளை நீர். "பங்காளி எண்டு அவையே எழுதிப்போட்டினம். கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு வைக்காமல் மீன் கரையை விட்டுப் போகாது," என்றீர். அடுத்த பக்கத்தில்தான் விசயம் இருந்தது. மூலப் பதிவுகள் எல்லாம் அவர்களுடைய காப்பகத்துக்குப் போகும். நாம் கேட்க விரும்பினால் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

காணொளிக் கூட்டத்தில் நீர் தமிழில் ஒரே சொல் சொன்னீர்: ஏலாது. நான் அதை ஆங்கிலத்தில் "கொஞ்சம் கடினம்" என்று பக்குவமாகத் திருப்பினேன். என்னை ஒரு பார்வை பார்த்தீர். "கடினமில்லை. ஏலாது. அப்பிடியே சொல்லும்." சொன்னேன். காசு போயிற்று. நாம் வேலை பார்த்த கந்தோரில், வந்த காசை விட்டதற்கு நம்மை விசரர் என்றார்கள். நாம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வள்ளம் பிடித்தோம்.

அந்தப் பதிவு ஒன்றை இன்று போட்டுக் கேட்டேன். கிண்ணியாவில் ஒரு மீனவர் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் நிறுத்தி, "சேர், நீங்க கரையிலயே நிண்டு கேளுங்க, வள்ளம் வேணாம்," என்கிறார். நீர் சிரிக்கிறீர். மூச்சு வாங்கும் வரை சிரிக்கிறீர். நீர் போன பிறகு அந்தச் சிரிப்பு வேறெங்கும் இல்லை.

புதிய ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். 'பங்காளி'யை எடுத்துவிட்டு 'களத் தொடர்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். தமிழ் திருந்திவிட்டது. 'மூலப் பதிவுகள் எல்லாம்' என்றால் நம் பழைய பதிவுகளும்தான்; உம்முடைய சிரிப்பைக் கேட்க இனி நான் விண்ணப்பிக்க வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம்!

காசு வேண்டாம் என்றில்லை. வேண்டும். கட்டைபறிச்சானில் நமக்குச் சொல் தந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. காசு இருந்தால் மிச்சப் பேரிடம் சீக்கிரம் போய்ச் சேரலாம். இதையெல்லாம் யோசித்துத்தான் பதில் எழுதினேன். பிரதிகள் எத்தனை வேண்டுமானாலும் தருகிறோம், மூலங்கள் லிங்கநகரில் என் வீட்டு அலுமாரியில் இருக்கும், நாங்கள் பங்காளிகள் என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் "அலுமாரியைப் பூட்டினீரா?" என்றுதானே கேட்டீர். ஓம், பூட்டியிருக்கிறேன்.

கடிதம் முழுவதும் ஆங்கிலம். கடைசி வரியில் மட்டும் 'ஏலாது' என்று தமிழில் எழுதினேன். இந்த முறை மொழிபெயர்க்கவில்லை.

நாளைக்கு மூதூர்ப் பக்கம் போகிறேன். இன்று பின்னேரம் கடையில் தைலம் ஒரு போத்தல் வாங்கினேன். எனக்குத் தலைசுற்று இல்லை என்பது உமக்குத் தெரியும்.