சாவி வேண்டாம் என்றாள் நம் மகள்

என்னை முந்திக்கொண்டு போய்விட்ட ரோசம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. காலையில் மாதா கோயிலில் உனக்காகப் பூசை கண்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன்மேல், பாதி உன் மகள்மேல்.

செல்வி கல்லூரிக்குப் போகிறாள், ரோசம்மா. பி.யு.சி. உன்னால் நம்ப முடியாது. பள்ளிக்கூட நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே துண்டும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தவள் நீ. வலிப்பு வந்தால் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பாய். யார் கேட்டாலும், "ஒண்ணுமில்ல, வெறும் வயித்து மயக்கம்" என்பாய். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழக் கூடாதே என்று உனக்குப் பயம். எனக்கும்தான்.

கூட ஒரு ஆள் உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார் கல்லூரி முதல்வரான மதர். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை. நான் எங்கே போய் உட்கார? உன் தங்கையைக் கெஞ்சலாமா என்று யோசிப்பதற்குள் இவள், "வகுப்பு முழுக்கப் பிள்ளைக இருக்காளுவளே, மதர்" என்றாள். மதர் சிரித்துவிட்டார். கொஞ்ச நாள் பார்ப்போம், சரிவராவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார்.

முதல் நாளே இவள் வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். "எனக்கு வலிப்பு இருக்கு. விழுந்தா ஒருக்களிச்சுப் போடுங்க. பிடிச்சு அமுக்கண்டாம். கையில சாவி கொடுக்கண்டாம், வாயில எதையும் வைக்கண்டாம். தானா எந்திரிச்சிருவேன்."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நீ இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததைப் போட்டு உடைத்துவிட்டாளே! "ஏளா, ஒனக்குக் கல்யாணம் காட்சி நடக்கண்டாமா?" என்று கத்தினேன்.

"நடக்கும்போது நடக்கட்டும்ப்பா. விழுந்தா என்னயத் தூக்குதவளுக்குத் தெரியண்டாமா?"

நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

படிப்பு அவளுக்கு இன்னும் மல்லுக்கட்டுதான். அச்சடித்ததைப் படிக்கத் திணறுகிறாள். காதால் கேட்டால் பிடித்துக்கொள்கிறாள். வலிப்பு வந்த மறுநாள் முந்தின நாள் பாடம் சுத்தமாக நினைவில் இருக்காது. அதனால் சரித்திர மிஸ் மத்தியானத்தில் இவளை மட்டும் உட்காரவைத்துப் பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்கிறார். இந்த வருஷம் பாதிப் பாடங்களுக்குத்தான் பரீட்சை, மீதி அடுத்த வருஷம். பெயில் என்று ஊரில் பேசுவார்களே என்று இழுத்தேன். "மெதுவாப் படிக்கிறதுக்குப் பேரு பெயிலா, சார்?" என்று கேட்டார் மிஸ்.

போன வாரம் வகுப்பில் விழுந்துவிட்டாள். ஆபீஸுக்கு ஆள் வந்து சொன்னதும், உப்பு லாரிகளுக்கு நடுவே சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆயா சாவியோடு ஓடிவந்திருக்கிறாள். "அவளுக்கு அது வேண்டாம், ஆயா" என்று ஒரு பெண் மறித்திருக்கிறாள். இன்னொருத்தி புத்தகப் பையைத் தலைக்கு வைத்திருக்கிறாள்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். இவள் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவளோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா, ரோசம்மா? நாம் காவல் இருந்தோமா, குறுக்கே நின்றோமா? யோசித்துப் பார்க்கிறேன், விடை தெரியவில்லை.

மதர் வந்து, "இவ இங்கதான் படிப்பா. நீங்க வேலைக்குப் போங்க" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது தெருவிலேயே அழுதேன். உனக்குச் சொல்ல என்ன வெட்கம்?

சாயங்காலம் இவள் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இனி விழுந்தா ஆள் அனுப்பண்டாம்னு சொல்லிட்டேம்ப்பா. நீங்க வராதிய. வீட்டுக்கு வந்து நானே சொல்லுதேன்."

அதற்குத்தான் இந்தக் கோபம். சரி என்று சொல்லிவிட்டேன். உனக்கும் வாக்குக் கொடுக்கிறேன், இனி ஓட மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். உயிர் போகிற மாதிரி இருந்தாலும் இருப்பேன்.

நீயும் அங்கிருந்து எழுந்து ஓடி வந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா